நறுநீரும் தண்ணீர்ப் பந்தலும்

நீரின் பெருமையைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அந்நீரை நம் முன்னோர் எவ்வாறு பேணினர், எவ்வாறு மணமூட்டினர், எவர்க்கெல்லாம் வழங்கினர் என்பவற்றை இந்நாளில் நினைப்பவர் சிலரே. நாம் வாழும் இப்பெங்களூர் நகரின் பெரிய உணவு விடுதிகளிலும் கணினி நிறுவனங்களிலும், எலுமிச்சைத் துண்டும் வெள்ளரித் துண்டும் புதினாத் தழையும் மிதக்கின்ற கண்ணாடிச் சாடிகளை விருந்தினர்முன் வைக்கின்றனர். மேனாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று அதனை நம் இளைஞர் வியந்து பருகுகின்றனர். பருகட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் அவ்வழக்கத்தின் வேர் நம் வீட்டுப் பின்கட்டிலேயே இருக்கின்றது என்பதனையும் அவர்கள் அறிதல் வேண்டும்.

யாம் வரலாற்றுப் பேராசிரியர் அல்லேம். இருப்புப்பாதை அலுவலகத்தில் ஏடெழுதும் எழுத்தரேம். பள்ளியிறுதி வகுப்போடு எம் படிப்பு நின்றது. எனினும் ஓய்வு நேரத்தில் பழைய நூல்களைப் புரட்டும் பழக்கம் உண்டு. அவ்வகையில் யாம் அறிந்தவற்றுள் சிலவற்றைச் சங்கத்து அன்பர்கள்முன் வைக்கின்றோம்.

பாதிரிப் பூவும் புதுப்பானையும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய நாலடியாரில், கல்வி என்னும் அதிகாரத்திலே ஓர் அழகிய உவமை வருகின்றது. கல்லாதவரேனும் கற்றவரோடு சேர்ந்து பழகினால் நல்லறிவு பெறுவர் என்பது அப்பாடலின் கருத்து. அதற்குப் புலவர் காட்டும் எடுத்துக்காட்டு யாது? ஒளி பொருந்திய பாதிரிப் பூவைப் புதிய மட்பாண்டத்தில் இட்டு வைத்தால், பூவின் மணத்தைப் பாண்டம் ஏற்றுக்கொள்கின்றது. பின்னர்த் தன்னுள் ஊற்றிய தண்ணீர்க்கு அம்மணத்தைக் கொடுக்கின்றது.

இவ்வுவமையை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். உவமை என்பது கேட்பவர்க்கு முன்பே தெரிந்த பொருளாக இருத்தல் வேண்டும். இல்லையேல் அது விளக்கமாகாது. ஆகவே, அப்பாடல் தோன்றிய காலத்தில், பாதிரிப் பூவால் மணமேற்றிய பானையில் நீர் வைத்துக் குடிப்பது மக்கள் நன்கறிந்த வழக்கமாக இருந்திருத்தல் வேண்டும். பூவை நீரிலே மிதக்க விட்டார்கள் என்று புலவர் கூறவில்லை. பானைக்கு மணமேற்றினார்கள் என்கின்றார். நீரில் நேரே கிடக்கும் பூ விரைவில் அழுகும். பானையின் நுண்துளைகளில் ஏறிய மணமோ, நீரைக் கெடுக்காமல் மெல்ல மெல்ல இறங்கும். எத்துணை நுட்பமான கைத்திறன்!

பாதிரி மரம் வேனிற் காலத்தில் மலர்வது. தாகம் மிகும் பருவத்திலேயே தண்ணீர்க்கு மணமூட்டும் மலரும் கிடைத்தது. கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூர் இம்மரத்தால் பெயர் பெற்ற தலமாகும்.

முதலில் தூய்மை, பின்னரே மணம்

மணமூட்டும் முன்னர் நீரைத் தெளிவிக்க வேண்டும் என்பதனையும் முன்னோர் நன்கறிந்திருந்தனர். கலித்தொகையின் நெய்தற் கலியிலே, பிரிவால் கலங்கிய தலைவியின் உள்ளம் தலைவன் வரவால் தெளிந்ததற்கு, தேற்றா விதையால் தெளிந்த கலங்கல் நீர் உவமையாக வருகின்றது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டு நீர் ஊற்றினால், கலங்கலாகிய நுண்மண் திரண்டு அடியிலே படியும். ஆற்று நீரும் ஏரி நீரும் குடித்த ஊர்களில் அண்மைக் காலம் வரை இவ்வழக்கம் இருந்தது.

வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் இவ்வரிசையையே கூறுகின்றது. நீரைத் தீயிற் காய்ச்சியும், வெயிலில் வைத்தும், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதில் தோய்த்தும் தூய்மை செய்ய வேண்டும். அதன் பின்னரே நாகம், சண்பகம், குவளை, பாதிரி முதலிய மலர்களால் மணமூட்ட வேண்டும் என்பது அந்நூலின் விதி. நீரைத் தெளிவிக்கும் பொருள்களின் வரிசையில் நம் தேற்றாங்கொட்டையும் இடம்பெறுகின்றது. நாலடியார் கூறும் பாதிரியே சுசுருதத்திலும் வருதல் கண்டு யாம் பெரிதும் மகிழ்ந்தோம்.

இனி, நாம் வந்து குடியேறிய இக்கன்னட நாட்டைப் பார்ப்போம். 12-ஆம் நூற்றாண்டில் கலியாண நகரை, அஃதாவது இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவ கலியாணத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், ‘மானசோல்லாசம்’ என்னும் பெருநூலை வடமொழியில் இயற்றினான். அரசன் துய்க்கும் இன்பங்களைத் தொகுத்துரைக்கும் அந்நூலில், உணவுக்கு இடங்கொடுத்ததுபோலவே குடிநீர்க்கும் இடங்கொடுத்தான். மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர் என நீரைப் பகுத்து, அதற்கு மணமூட்டும் முறையையும் கூறினான். தமிழகத்துப் புலவரும் கன்னட நாட்டு மன்னரும் ஒரு பானைத் தண்ணீரில் ஒன்றுபட்டனர் என்று கூறலாம் அன்றோ?

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமை. மணம் வேறு, தூய்மை வேறு. 1854-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் சான் சுநோ என்னும் மருத்துவர், காலராவைப் பரப்பியது ஒரு தெருக் குழாயின் நீரே என்று ஆராய்ந்து காட்டினார். 1884-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் இராபர்ட் கோக்கு, கல்கத்தாவின் குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டார். நோய்க்கிருமி உள்ள நீர் பார்வைக்குத் தெளிவாகவும் மூக்கிற்கு நறுமணமாகவும் இருத்தல் கூடும். வெட்டிவேரோ துளசியோ அக்கிருமியை முற்றும் ஒழிக்கும் என நம்பிவிடலாகாது. காய்ச்சி ஆறிய நீரிலேயே மணமூட்ட வேண்டும் என்பது பழைய விதிக்கும் புதிய அறிவியலுக்கும் பொதுவாகும்.

பந்தலும் அரவட்டிகையும்

பேணிய நீரைத் தாமே குடித்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை நம் முன்னோர். சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் அப்பூதியடிகள் வரலாறு வருகின்றது. திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் வாழ்ந்த அப்பெரியார், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். வழிநடந்து அவ்வூர்க்கு வந்த நாவுக்கரசர், நிழலும் குளிர்ந்த நீரும் நிறைந்த அப்பந்தலைக் கண்டு, அதில் தம் பெயரே எழுதியிருப்பதனையும் கண்டு வியந்தார். பந்தல் அமைத்தவர் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை என்பதனை நாம் நினைவிற் கொள்ளுதல் நன்று.

சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்திகள் காணப்படுகின்றன. நீர் இறைத்துக் கொண்டுவருவார்க்கு இவ்வளவு, வந்தார்க்கு நீர் வார்ப்பார்க்கு இவ்வளவு, பானை இடும் குயவர்க்கு இவ்வளவு என்று கூலியும் வரையறுத்தனர். அறம் என்பது வெறும் நல்லெண்ணமன்று. ஆளும் பொருளும் கணக்கும் உடையது என்பதனை அக்கல்வெட்டுகள் காட்டுகின்றன. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருகின்றது.

கன்னட மக்கள் தண்ணீர்ப் பந்தலை ‘அரவட்டிகெ’ என்பர். நாம் நன்னாரி என்பதனை அவர்கள் ‘சொகதெ பேரு’ என்பர். நம் வெட்டிவேர் அவர்கட்கு ‘லாவஞ்ச’. சொல் வேறு, வேர் ஒன்றே. இராமநவமி நாளில் இந்நகரின் வீதிகளில் நடந்து பாருங்கள். வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகம், முலாம்பழப் பானகம், விளாம்பழப் பானகம், நீர்மோர், பாசிப்பருப்புக் கோசம்பரி ஆகியவற்றை வருவார் போவார்க்கெல்லாம் வழங்குவர். சாமராசப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளித் திடலில் இராமநவமி இசைவிழா கேட்கச் செல்லும் நம்மவர் பலர் அப்பானகத்தின் சுவையை நன்கறிவர். வைணவத் திருக்கோயில்களில் ஏலமும் இலவங்கமும் பச்சைக் கருப்பூரமும் துளசியும் இட்டு வழங்கும் தீர்த்தமும் இம்மரபைச் சார்ந்ததே.

ஆயினும், வரலாற்றை எழுதப் புகுந்தவர் அதன் இருண்ட பக்கத்தை மறைத்தலாகாது. எல்லார்க்கும் ஒரே கலத்தில் நீர் வார்க்காத காலமும் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்க்குத் தொலைவில் நின்று நீர் ஊற்றினர். பொதுக்குளத்து நீரைத் தொடும் உரிமைக்காக 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் மகாத் என்னும் ஊரில் அண்ணல் அம்பேத்கர் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. புகைவண்டி நிலையங்களிலும் ‘இந்துத் தண்ணீர்’, ‘முசுலிம் தண்ணீர்’ என்று வெவ்வேறாக வைத்து வழங்கிய காலம் உண்டு. நீர்க்கு எத்துணை மணமூட்டினாலும், கொடுக்கும் கை ஆளைப் பார்த்துக் கொடுக்குமாயின் அதனை அறம் என்று கூற எமக்கு மனம் வரவில்லை.

பனிக்கட்டியும் புட்டி நீரும்

செல்வர் நீரைக் குளிர்விக்க வேறு வழிகளும் தேடினர். அக்பர் பேரரசரின் அரண்மனையில் வெடியுப்பு நீரில் கலத்தை வைத்துக் குடிநீரைக் குளிர்வித்த முறையை ‘அயினி அக்பரி’ கூறுகின்றது. 1833-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாசுடன் நகரிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி வந்து இறங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம், அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கவே எழுந்ததாகும்.

நம் எளிய மக்கட்கோ மட்பானையே பனிக்கட்டி. பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கொண்டு செல்கின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அவ்வெப்பம் நீங்கினால் 58 கிராம் நீர் பத்துப் பாகை குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் குறைந்த இடத்தில் இது விரைவாக நிகழும். ஆதலின் சென்னையிற் குளிர்வதினும் பெங்களூர்க் கோடையிற் பானை நீர் மிகுதியாகக் குளிரும். இந்நகர்க்குப் பானை பொருந்தாது என்பார் இதனைக் கருதுவாராக.

எம் துறையோடு தொடர்புடைய செய்தி ஒன்றும் உண்டு. சோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டு நிலையத்துக்கு 1864-ஆம் ஆண்டில் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. 1809-ஆம் ஆண்டளவில் படைமுகாம் அமைந்ததுமுதலே இங்கு வரத் தொடங்கிய தமிழ் மக்கள், அதன்பின் மேலும் பெருகினர். அக்காலத்து முதல் வகுப்புப் பெட்டிகளின் சாளரங்களில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, நீர் தெளித்துக் காற்றைக் குளிர்வித்தது உண்டு. ஏழை வீட்டுப் பானைக்கு மணம் தந்த வேரே சீமான்களின் பயணத்தையும் குளிரச் செய்தது.

பின்னர்க் காலம் மாறிற்று. 1965-ஆம் ஆண்டில் பம்பாயில் பிசுலேரி என்னும் பெயரோடு புட்டி நீர் விற்பனைக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டில் இருப்புப்பாதைத் துறையின் நிறுவனமே ‘ரயில் நீர்’ என்னும் புட்டி நீரை வெளியிட்டது. அது தூய நீர் என்பதில் ஐயமில்லை, பயணிகட்குப் பெருந்துணையுமாகும். ஆனால் வழங்கும் பொருளாக இருந்த நீர், விற்கும் பொருளாகவும் ஆயிற்று என்பதனை வரலாறு குறித்துக்கொள்ளும்.

பெங்களூரின் நீர்

கெம்பே கவுடர் 1537-ஆம் ஆண்டில் அமைத்த இந்நகர், ஆறில்லாத நகர். ஆதலின் ஏரிகளே இதன் உயிர். பேட்டைப் பகுதிக்கு நீர் ஊட்டிய தருமாம்புதி ஏரி வறண்டு, அதன் படுகையிலேயே இன்றைய கெம்பேகவுடர் பேருந்து நிலையம் எழுந்தது. நகர இருப்புப்பாதை நிலையத்திலிருந்து இறங்கி எதிரே செல்லும் ஆயிரக்கணக்கான பயணிகள், கையிலே விலைக்கு வாங்கிய நீர்ப்புட்டியோடு, ஒரு பழைய ஏரியின் மீதே நடக்கின்றனர். அதனை அறிந்து நடப்பவர் எத்தனை பேர்?

1896-ஆம் ஆண்டில் அருக்காவதி ஆற்றின் எசரகட்டா ஏரியிலிருந்து குழாய்நீர் வந்தது. 1933-ஆம் ஆண்டில் திப்பகொண்டனஅள்ளி நீர்த்தேக்கம் துணை செய்தது. 1974-ஆம் ஆண்டில் காவிரி நீர் வந்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஐந்நூறு மீட்டர் அளவு உயரத்திற்கு ஏற்றி அந்நீரைக் கொணர்கின்றனர். எனினும் 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்கிணறுகள் பல வறண்டு, மக்கள் வண்டி நீர்க்குக் காத்துக் கிடந்ததை நாமெல்லாம் கண்டோம். குடிநீரால் வண்டி கழுவுவோர்க்கு 5,000 உரூபாய் தண்டம் என்று நீர் வாரியம் அறிவிக்கவும் நேர்ந்தது.

அதே காவிரியின் பெயரால் 1991-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இந்நகரில் மூண்ட கலவரங்களை நாம் மறக்கவில்லை. அவற்றை ஈண்டு விரித்துரைத்தல் எம் நோக்கமன்று. நீதிமன்றங்களும் ஆட்சியாளரும் தீர்க்க வேண்டிய பங்கீட்டை ஓர் எழுத்தரின் கட்டுரை தீர்க்கவியலாது. ஆனால் ஒன்று கூறுவோம். அப்பூதியடிகளின் பந்தல் நின்றதும் காவிரி நாட்டிலே. இன்று நம் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரியே. பங்கிட்டுக் கொள்ளும்போது பகையை விளைவித்த நீர், வார்த்துக் கொடுக்கும்போது உறவை விளைவித்திருக்கின்றது. இராமநவமிப் பானகத்தை நம் கையில் தந்த கன்னட அன்பர் எவரும் நம் தாய்மொழி யாதென்று கேட்டுத் தரவில்லை.

இல்லத்தில் செய்யும் முறை

வெறும் வரலாறு தாகம் தீர்க்காது. ஆகவே, எளிய முறைகள் சிலவற்றைக் கூறுகின்றோம்.

வெட்டிவேர் நீர்: ஒரு சிறு கைப்பிடி வேரை மண் போக நான்கைந்து முறை அலசி, தூய மெல்லிய துணியில் முடிந்து, காய்ச்சி ஆறிய ஐந்து லிட்டர் நீருள்ள பானையில் இரவு இட்டு வைக்க. காலையில் மணம் இறங்கியிருக்கும். முடிச்சை எடுத்து வெயிலில் நன்கு உலர்த்தினால் இரண்டு மூன்று முறை பயன்படும்.

நன்னாரி நீர்: வேரை நசுக்கி, நடுவிலுள்ள கட்டையை நீக்கி, மேற்பட்டையை மட்டும் கொள்க. கொதித்து இறக்கிய நீரில் அதனை இட்டு, மூடி, இரவு முழுதும் ஊறவிடுக. வேரோடு நெடுநேரம் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். வடிகட்டி எலுமிச்சைச் சாறு சில துளி சேர்க்கலாம்.

பானகம்: ஒரு லிட்டர் நீர்க்கு 150 கிராம் வெல்லம் கரைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடியும், நான்கு ஏலக்காயின் பொடியும், ஓர் எலுமிச்சையின் சாறும், சில துளசி இலையும் இடுக. நீரிழிவு உடையார் இதனைத் தவிர்த்து, வெல்லமில்லாத வேர்நீரைக் கொள்வாராக.

பழநீர்: எலுமிச்சை, வெள்ளரி, புதினா ஆகியவற்றை நன்கு கழுவி நறுக்கி நீரில் இடுக. எலுமிச்சைத் தோல் நெடுநேரம் ஊறினால் கசக்கும். ஆதலின் ஒன்றிரண்டு மணியில் துண்டுகளை எடுத்துவிடுக. குளிர்பெட்டியில் வையாத பழநீரை மறுநாளைக்கு வைத்தலாகாது.

தீர்த்த நீர்: ஒரு குடத்திற்கு இரண்டு ஏலக்காய், இரண்டு இலவங்கம், கடுகளவு பச்சைக் கருப்பூரம் போதும். ஆரத்திக்குக் கொளுத்தும் சூடம் நஞ்சாகும். அதனை மறந்தும் நீரில் இடலாகாது.

இந்நீர்கள் உடலின் நஞ்சையெல்லாம் போக்கும் என்று விளம்பரம் செய்வாரும் உளர். அத்தொழிலை நம் ஈரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்துவருகின்றன. மணநீரின் பயன் எளியது: சுவைக்காக நாம் மிகுதியாக நீர் பருகுவோம், சருக்கரை மிகுந்த விற்பனைப் பானங்களைக் குறைப்போம். அதுவே பெரும் பயன் அன்றோ?

இனிச் செய்ய வேண்டுவது

சங்கத்து அன்பர்கட்கு எம் வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் இசையும் நாடகமும் பட்டிமண்டபமும் நடத்துகின்றோம், மலரும் வெளியிடுகின்றோம். வரும் பங்குனி, சித்திரைத் திங்கள்களில் சங்கத்தின் வாயிலிலே ஒரு தண்ணீர்ப் பந்தலும் அமைப்போமாக. அதன் முகப்பில் ‘தண்ணீர்ப் பந்தல்’ என்று தமிழிலும் ‘அரவட்டிகெ’ என்று கன்னடத்திலும் எழுதுவோமாக. காய்ச்சி ஆறிய நீர், வெட்டிவேர் இட்ட இரண்டு பானை, கழுவிய குவளைகள், நாள்தோறும் முறைவைத்து நிற்க இருவர், இவ்வளவே வேண்டும். சோழர் கல்வெட்டுப் போலச் செலவுக் கணக்கை எழுதி வைக்கும் பொறுப்பை எமக்குத் தந்தால் மகிழ்வோடு ஏற்போம். கொடையாளர் பெயர்ப்பலகை வேண்டா. அப்பூதியடிகள் நமக்கு வழிகாட்டியிருக்கின்றார்.

வீதியில் பொருள் கொண்டு சேர்க்கும் இளைஞரும், ஆட்டோ ஓட்டுநரும், துப்புரவுப் பணியாளரும், எம்மொழியினராயினும் எச்சாதியினராயினும், அங்கே நின்று ஒரு குவளை நீர் பருகிச் செல்லட்டும். நம் பிள்ளைகளும் முறைவைத்து நின்று நீர் வார்க்கட்டும். நாலடியார் கூறும் பாதிரிப் பூவின் மணம் அவர்கள் நெஞ்சிலும் ஏறும்.

வாழ்க தமிழ்! வாழ்க நம்மை ஏற்றுக்கொண்ட இந்நகர்!